வெளுத்த டப்பா

ஒரு மகளின் தோலுக்கு விலை நானூற்று எண்பது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு நானூற்று ஐம்பது. டப்பா கொஞ்சம் வெளுத்திருந்தால் சும்மாவே கிடைக்கும். ஆனால் அதற்கு நீங்கள் கறாரின் வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. கடைவாசலில் 'ஒரே விலை, கறார்' என்று பலகை மாட்டிவிட்டு, திறந்ததிலிருந்து சாத்துகிறவரை உள்ளே நின்று பேரம் பேசுகிற மனிதரைத் தெருக்காரர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சோப்பு, சீப்பு, பவுடர், முகக் கிரீம், நகப்பூச்சு விற்கிற ஃபேன்சி ஸ்டோர். சொன்ன விலைக்கே யாராவது வாங்கிப் போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. "ஒரு வார்த்தை பேசாம போறாளே, இவளெல்லாம் ஒரு கஸ்டமரா?" என்பார்.

கடை ஓடியது சரக்கால் அல்ல, மகளின் முகத்தால். பாப்பா என்றுதான் வீட்டிலும் கடையிலும் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு வயது இருபத்தாறு. கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். வருகிற பெண்கள் காசை நீட்டிக்கொண்டே, "மூஞ்சிக்கு என்னம்மா போடுற? இப்படிப் பளிச்சுனு இருக்கு" என்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள், எந்தச் சரக்கு நகராமல் கிடக்கிறதோ அது கறாரின் கையில் ஏறியிருக்கும். "இதைத்தான் போடுது எங்க பாப்பா. சின்ன வயசுலேருந்து இதேதான்." உண்மையில் அவள் பச்சைத்தண்ணீரைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. தேங்கிக் கிடந்த எத்தனையோ பெட்டிகள் அந்த முகத்தின் பேரைச் சொல்லிக் கரையேறின.

அந்த முகத்தில்தான் ஒருநாள் சிவப்பாக ஏதோ படர்ந்தது. மூக்கின் மேலிருந்து இரண்டு கன்னத்துக்கும், ஒரு பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி. பிறகு காய்ச்சல், விரல் மூட்டுகளில் வலி. தோல் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, லூபஸ் என்றார். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய்.

"தோலோட நிக்கிறவரைக்கும் சமாளிச்சுடலாம். சிறுநீரகத்துக்கு இறங்கிட்டா கதையே வேற. இதுக்கு வெயில் ஆகவே ஆகாது. மாத்திரை பாதி, வெயில் படாம இருக்கிறது பாதி. ரெண்டுல எதையும் விடக் கூடாது."

"கொஞ்சம் இளம் வெயில்?" என்று கேட்டார் கறார். எங்கேயும் முதல் விலைக்கு ஒத்துக்கொள்ளாத வாய்.

"கொஞ்சமும் கிடையாது, சார்."

பாப்பா விடவில்லை. காலையில் காரமில்லாத சோப்பில் முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். அது உள்ளே போனதும் வெயில் கிரீம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகக் கோடு போட்டு எடுத்து முகம், கழுத்து, காதுமடல்வரை தடவுவாள். பிறகு புறங்கைக்குத் தனியாக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. முழுக்கை, அகலத் தொப்பி, அதற்கு மேல் குடை. எதிர்க்கடை டெய்லரக்கா ஒருநாள், "என்னடி, மழை வருதா?" என்றாள்.

"இல்லக்கா, வெயில் பெய்யுது. உங்களுக்குத் தெரியல, நனைஞ்சுட்டே நிக்கிறீங்க."

ஒரு வருஷம் நன்றாகப் போனது. சிவப்பு அடங்கி, கன்னம் பழையபடி ஆனது. கறார் அந்த முகத்தைக் காட்டி மறுபடி விற்கத் தொடங்கினார். இந்த முறை பொய் இல்லை. வெயில் கிரீமை அவள் நிஜமாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கோடையில் எல்லாம் புரண்டது. கன்னத்தில் சிறகு திரும்பி வந்தது, முன்னைவிடக் கருஞ்சிவப்பாக. கழுத்தில் திட்டுத் திட்டாக எரிச்சல். சீவும்போது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம்.

"நீ ஒழுங்கா போடல," என்றார் கறார்.

"போட்டேம்பா."

"போட்டா ஏன் வருது? எங்கேயோ வெயில்ல சுத்தியிருக்க. கூட்டாளிகளோட வெளியில போனியா?"

"தொப்பி போட்டுக்கிட்டு, குடை புடிச்சுக்கிட்டு, மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கிரீம் பூசிக்கிட்டு எந்தக் கூட்டாளியோடப்பா நான் போவேன்?"

"என்னங்க, அவளைப் போட்டு வாட்டாதீங்க," என்றாள் கறாரின் சம்சாரம்.

"நான் வாட்டலம்மா. வெயில் வாட்டுது. அதுக்கு வழி விட்டது யாருன்னுதான் கேக்கிறேன். சோம்பேறித்தனம். கண்ணாடி முன்னாடி நின்னு பூசுறதுக்கு என்ன நோவு?"

பாப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கறாருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைக்காரனுக்குப் பயம் வந்தால் முதலில் எதிராளியைத்தான் குறை சொல்லத் தோன்றும்.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார், கண் வீக்கத்தைப் பார்த்தார், காலில் விரலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். சாயங்காலத்துக்குள் ரிசல்ட் வந்துவிடும் என்றார். பிறகு கேட்டார்: "என்ன கிரீம் போடுறீங்க?"

பாப்பா பேர் சொன்னாள்.

"நல்ல கிரீம்தானே... நான் அதைப் பார்க்கலாமா?"

"காலையிலதான் தீர்ந்துச்சு, டாக்டர். கடையில இருக்கு."

"நான் எடுத்துட்டு வரேன்," என்று கறார் எழுந்தார். உட்கார்ந்து காத்திருப்பதைவிட நடப்பது சுலபமாக இருந்தது.

கடை மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் கண்ணாடி ஷோகேஸுக்குள் வெயில் குடும்பத்தோடு வந்து குடியேறிவிடும். லிப்ஸ்டிக் உருகி நஷ்டமான பிறகு அதை உள் அலமாரிக்கு மாற்றியிருந்தார். மெழுகுப் பொருள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். ஷோகேஸ் காலியாக நின்றதால், கோடை தொடங்கியதும் வெயில் கிரீம் டப்பாக்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி, தன் கையாலேயே அட்டை எழுதி வைத்தார்: 'வெயிலுக்கே சவால்!'

அப்போது சம்சாரம் கேட்டாள். "அது கெட்டுப் போகாதுங்களா?"

"வெயிலைத் தாங்குறதுக்குன்னே செஞ்ச சரக்கும்மா. அதுக்குப் போய் வெயில் பயமா?" தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஷோகேஸில் நின்று அட்டை நிறம் போன டப்பாவை யாரும் வாங்க மாட்டார்கள்; வாங்கினாலும் பாதி விலை கேட்பார்கள். பாதி விலைக்கு ஊராருக்குக் கொடுப்பதைவிட வீட்டுக்கு எடுத்துப்போவது லாபம். வெளுத்த சோப்பு, வெளுத்த பவுடர், வெளுத்த எண்ணெய் எல்லாம் அந்தக் குடும்பத்தின் மேலேயே தேய்ந்து தீர்ந்தது. கோடை முழுக்கப் பாப்பாவுக்குப் போன கிரீமும் அந்தக் கோபுரத்திலிருந்து இறங்கியதுதான்.

கறார் கோபுரத்தின் உச்சியிலிருந்த டப்பாவை எடுத்தார். சட்டென்று கையை உதறினார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது. துண்டைச் சுற்றிப் பிடித்து, டியூபை வெளியே எடுத்து மூடியைத் திருகினார். முதலில் மஞ்சளாக எண்ணெய் ஓடியது. பிறகு தண்ணீர். அமுக்கிப் பிதுக்கினால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது.

டப்பாவைத் திருப்பினார். முப்பது வருஷமாக எந்த டப்பாவிலும் விலை இருக்கிற பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார். மறுபக்கத்தில் கடுகளவு எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வெப்பம் படாத இடத்தில் வைக்கவும். நேரடி வெயில் கூடாது.

கல்லா நாற்காலி ஷோகேஸை ஒட்டி இருந்தது. நிழலில் உட்காரட்டும் என்று அவர்தான் போட்டது. நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்துப் பார்த்தார். அதுவும் சுட்டது. மகளை அவர் கடைக்குள் உட்காரவைக்கவில்லை, ஷோகேஸில் அடுக்கியிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் இடுப்பில் குழந்தையோடு ஒரு வாடிக்கைக்காரம்மா படியேறினாள். கோடையில் ஏற்கெனவே அவரிடம் கிரீம் வாங்கிப்போனவள்.

"அண்ணே, அந்த வெயில் கிரீம் ஒண்ணு. டப்பா வெளுத்ததாவே குடுங்க, குறைச்சுக்குங்க. முந்நூறு."

"இது விக்கிறதுக்கில்லம்மா."

"சரி, முந்நூத்தி ஐம்பது."

"இல்லம்மா. இது ஆகாது."

"அடேங்கப்பா, கறார்னு பேர் வெச்சது சரியாத்தான் இருக்கு. நானூறு. இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது, பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பூசுறேன்."

"யம்மா, கெட்டுப்போச்சு! சொல்றேன்ல, கெட்டுப்போச்சு!"

அவள் சிரித்தாள். "விலை ஏத்துறதுக்கு இப்படியும் ஒரு வழியா? இந்தாங்க, நானூத்தி எண்பது. முழுசா. போதுமா?"

அவர் வாழ்க்கையில் யாரும் பேரத்தில் கீழிருந்து மேலே ஏறி முழு விலைக்கு வந்தது அதுதான் முதல்தடவை. கறார் டியூபை வாளிக்கு மேலே பிடித்துப் பிதுக்கினார். எண்ணெய் ஓடியது, தண்ணீர் ஓடியது, கட்டி விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. அந்தம்மாவின் சிரிப்பு மெதுவாக நின்றது. குழந்தையின் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள், அங்கே இன்னும் ஏதோ பூசியிருப்பது போல.

"முன்னாடி வாங்குனது?" என்றாள்.

"தூக்கிப் போட்டுடுங்க. காசு குடுத்துடுறேன்."

"காசு கிடக்குது. புள்ளைய மத்தியானமெல்லாம் வெளிய விளையாட விட்டேனே, இதை நம்பி."

அவரிடம் அதற்கு விலை இல்லை. கடையைச் சாத்தினார்.

ஷோகேஸ், நாற்காலி, குழந்தையோடு வந்தவள் என்று கறார் ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரம்மா டியூபைப் பிதுக்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். "இந்த நோய் தானாவும் கிளம்பும், சார். எல்லாத்தையும் இது மேல போட முடியாது. ஆனா இதைப் பூசினதுக்குப் பூசாம இருந்திருந்தா, வெயில்ல இருக்கோம்னு பயமாவது இருந்திருக்கும். கண்ணாடி வழியாவும் வெயிலோட ஒரு பங்கு உள்ள வரும். அந்த நாற்காலியை மாத்துங்க." பிறகு ரிசல்ட் பார்க்கக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கறாருக்கு அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சரக்கு சரியில்லை என்று சொல்லப்போகிற மொத்த வியாபாரி அப்படித்தான் முதுகைக் காட்டுவான்.

"புரதம் நிறையப் போகுது. சிறுநீரகத்துக்கு இறங்க ஆரம்பிச்சிருக்கு. எந்த அளவுக்குன்னு அதுலேருந்து துளி சதை எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். நாளைக்கே அட்மிட் ஆகுங்க."

"டாக்டரம்மா," என்றார் கறார். குரல் கடையில் வருகிற குரலாகவே வந்தது. அவரிடம் வேறு குரல் இல்லை. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. கொஞ்சம் குறைச்சு... இன்னொருவாட்டி டெஸ்ட் எடுத்தா? கிரீமைத்தான் இன்னையோட நிறுத்திட்டோமே. அதுக்காகவாவது கொஞ்சம் தள்ளி..."

"என்னங்க," என்று சம்சாரம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்கிட்ட எடுத்துக்குங்க. ரெண்டு இருக்குல்ல எனக்கு. ஒண்ணை எடுத்துக்கிட்டு இதை இப்படியே முடிச்சு விடுங்க."

"அந்த இடத்துக்கு இன்னும் வரல, சார்," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "வராம இருக்கத்தான் மருந்து. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பாப்பா டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் போட்டிருக்கேன்," என்றாள் கடைசியில்.

சம்சாரம் பணம் கட்ட வரிசையில் நின்றாள். அப்பாவும் மகளும் வாசலுக்கு வந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர்ச் சுவர் முழுக்க மஞ்சளாக நின்றது. கறார் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். தான் வெளியே நின்றார்.

"பாப்பா, உன்னைய நான் சோம்பேறின்னு..."

"வேணாம்ப்பா. கல்லாவுல உக்காந்தவ நான். கணக்கா முடிச்சுக்கலாம்." கண் வீங்கியிருந்ததால் அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. "எத்தனை டியூப் மிச்சம் புடிச்சீங்க?"

"ஆறு."

"வரவு, ஆறு டியூப். பற்று எழுதுங்க. என் மேல போட்ட பழி ஒண்ணு. அந்தக் குழந்தையோட மத்தியானமெல்லாம். இன்னும் எத்தனை பேருக்கு வித்தீங்க?"

"தெரியலம்மா."

"தெரியலன்னே எழுதுங்க. போர்டு போட்டு ஒவ்வொருத்தரையா கூப்பிடுவோம். அப்புறம் கிட்னி ரெண்டு." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதை மட்டும் பென்சில்ல எழுதுங்க. நாளைக்குப் பார்த்துட்டு அழிக்கலாம், இல்ல மேல மையால எழுதலாம்."

"பாக்கி?" என்றார் அவர்.

"பாக்கி நிக்குதுப்பா. எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது."

கறார் குறைத்துக் கேட்கவில்லை.