ஜுராப் ‘போறோம்’ சொன்ன கதை

என் தங்கை மரிவோனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கள் பிரெஞ்சு ஊரில் தீயணைப்பு வீரர்கள் நடத்தும் ஜூலை நடனத்துக்கு முதலில் யார் கூப்பிடுகிறார்களோ, அவர்களோடுதான் போவாள். நடனம் இரவில்தான் நடக்கும். சந்தையில் அவள் வெண்ணெயும் சீஸும் விற்கிறாள். பக்கத்துக் கடையில் நான் கோதுமை அடை சுடுகிறேன்.

ஜுராப் ஜார்ஜியாக்காரர், சுவர் பூசுகிறவர். வாரா வாரம் வந்து நாலு பேருக்கான வெண்ணெய் வாங்குவார். வீட்டில் இருப்பதோ அவர் ஒருவர்.

“கூப்பிட்டுத்தான் பாருங்களேன்!” என்று நான் முடுக்கினால், “வினைச்சொல் சரியா வரணும் மேடம்” என்பார்.

பிரெஞ்சில் ‘போ’ என்கிற வினை சுத்தப் போக்கிரி. நான், நீ, நாம் என்று ஆள் மாறினால் அதுவும் உருவமே மாறிவிடும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் பிரெஞ்சு படிக்கும் மாலை வகுப்பில் அதை ராகம் போட்டு உருப்போட வைத்தார்கள். அதனால் ஜுராபுக்கு அதில் எந்த வடிவம் வேண்டுமென்றாலும் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் கிடைக்கும்.

நடனம் இருந்த அன்றும் வெண்ணெய் வாங்க வந்தார். அவருக்குப் பின்னால், வரிசையில், கசாப்புக்கடை க்வெனோலே சென்ட் மணக்க நின்றான். எதற்கு வந்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும்.

ஜுராப் மூச்சை இழுத்தார். “நான் போறேன், நீ போற, அவன் போறான்...”

இந்தப் பாட்டு எங்களுக்குச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறியது, சாகும்வரை இறங்காது. கூடையோடு நின்ற மொத்த வரிசையும் தன்னையறியாமல் சேர்ந்துகொண்டது. “நாம போறோம்! நீங்க போறீங்க! அவங்க போறாங்க!” எல்லோரையும் விட உரக்கக் கத்தியவன் க்வெனோலேதான்.

சந்தையே சிரித்தது. முகம் சிவந்துபோன ஜுராப் வெண்ணெயைக்கூட எடுக்காமல் திரும்பினார்.

“ஏங்க, நில்லுங்க!” என்றாள் மரிவோன். “ஊரையே கூட்டிக்கிட்டா டான்ஸுக்குப் போவாங்க? யார் போறோம்னு மட்டும் சொல்லுங்க.”

“கொஞ்சம் நகருங்க, நான் ஒண்ணு கேக்கணும்” என்று க்வெனோலே முண்டினான்.

“வரிசையில நில்லுடா!” என்று கரண்டியை நீட்டினேன்.

ஜுராபின் உதடு மறுபடியும் முதலிலிருந்து அசையத் தொடங்கியது. நிறுத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நாம போறோம்” என்றார், நேராக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரிவோன் ஏப்ரனை அவிழ்த்து என்மேல் எறிந்தாள். “அக்கா, கடையைப் பாத்துக்கோ. நான் போய்த் துணி மாத்தணும்.”

அப்போது மணி காலை பத்துகூட ஆகவில்லை.