மூன்றாவது பிழை

கதிர்வீச்சுப் பிரிவில் சிகிச்சை மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் அனுப்பியிருந்த செய்திகளை அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களெல்லாம் அவள் பொறுப்பு. எத்தனையோ கோளாறுகளைப் பார்த்தவள்தான். இது வேறு மாதிரி.

மெமரியில் எல்லாத் தகவலும் ஒன்றும் பூஜ்யமுமாகத்தான் இருக்கும். எப்போதாவது ஒரு பிட், அதாவது அப்படி ஓர் இலக்கம், தானாகப் புரண்டு ஒன்று பூஜ்யமாகிவிடும். அதற்காகவே கூடச் சில காவல் பிட்டுகளை வைத்திருப்பார்கள். ஒன்று புரண்டால், எது என்று கண்டுபிடித்து மெமரியே திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்தத் தெரியாது; கத்திவிட்டு நின்றுவிடும். மூன்று புரண்டால்தான் ஆபத்து. சரியாயிருந்த இன்னொன்றையும் மாற்றிவிட்டு, பிழை நீங்கியது என்று சாதிக்கவும் கூடும்.

அத்திபூத்தாற்போல் வந்துகொண்டிருந்த ‘ஒரு பிழை, திருத்தப்பட்டது’ இன்று காலை முதல் மழையாய்க் கொட்டியிருந்தது. அத்தனையும் ஒரே சிப்பிலிருந்து. நடுவில் ‘இரண்டு பிழை’ என்று ஒருமுறை மெஷினே நின்றிருக்கிறது. யாரோ திரும்பப் போட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது அவளுடைய அக்கா. இடது கண்ணுக்குப் பின்னால் கட்டி.

கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது; எடுக்க ஆளில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படிகளில் ஓடினாள்.

“மெஷினை நிறுத்துங்க!”

கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். “என்னங்க, பாதியில நிறுத்தச் சொல்றீங்க? எல்லாம் பச்சையாத்தானே காட்டுது?”

“மெமரி கெட்டுப்போச்சு. பச்சையை நம்பாதீங்க!”

“காலையில ஒரு தடவை நின்னுச்சு, திரும்பப் போட்டோம். அதுலேருந்து நல்லாத்தான் ஓடுது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

திரையில் அக்கா தெரிந்தாள். முகத்தை வலை முகமூடி இறுக்கியிருந்தது. மெஷினின் தலை அடுத்த கோணத்துக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் ஆபரேட்டரின் தோளைத் தள்ளிவிட்டுச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

எல்லாம் நின்றது. அந்த நிசப்தத்தில்தான் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டிவிட்டோமோ?

டாக்டர் ஓடிவந்தார். அவள் சொன்னதைக் கேட்டார், திட்டவில்லை. “ஒப்பிட்டுப் பாருங்க” என்றார்.

டாக்டர் போட்ட மூலத் திட்டத்தையும், மெஷின் மெமரியில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கதிர் பாய்ந்து முடிந்த முதல் கோணம் அச்சாக ஒத்தது. இரண்டாவதும் அப்படியே. ஆபரேட்டர் பெருமூச்சு விட்டார். அடுத்துப் பாயவிருந்தது மூன்றாவது. கதிரை மறைக்கும் தகடுகளில் ஒன்று திட்டத்தில் மூடியிருந்தது, மெமரியில் திறந்திருந்தது.

டாக்டர் படத்தில் அந்த இடத்தைத் தொட்டார். “இது... வலது கண்ணு” என்றார். நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார்.

“அக்காவை வெளியே கூட்டிட்டு வாங்க” என்றாள் அவள்.

அக்கா வெளியே வந்தபோது முகமெல்லாம் வலைத் தடம். “ஏண்டி, என்னைக் கட்டிப் போட்டுட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டீங்களா?”

“வலது கண்ணால என்னைப் பாருக்கா.”

“பார்த்துட்டுத்தானே இருக்கேன். பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே. உனக்குத்தான் வைத்தியம் பார்க்கணும் போல.”

சிரிக்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அதற்குள் டாக்டர் தாழ்ந்த குரலில் ஆபரேட்டரைக் கேட்டார்: “இவங்களுக்கு முன்னாடி யாரெல்லாம் வந்துட்டுப் போனாங்க?”

ஆபரேட்டர் காலைப் பட்டியலை எடுத்து நீட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். காலையில் படுத்தெழுந்துபோன ஒவ்வொருவரின் திட்டத்தையும், தகடுகள் உண்மையில் நின்ற நிலையின் பதிவோடு ஒப்பிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பதிவைத் திறக்கையில் தப்பான இடத்தில் அழுத்திவிட்டாள். அதுவும் ஒத்தது. எல்லாம் ஒத்தன.

கெட்ட மெமரியைக் கழற்றி ஓர் உறையில் போட்டு ஒட்டினாள். அக்காவுக்கு மிச்ச சிகிச்சை வேறு மெஷினில் நடந்தது. ஒவ்வொரு முறையும் அவள் ஆபரேட்டரின் பக்கத்தில் நின்று, மூன்று கோணங்களையும் தானே ஒப்பிட்ட பிறகுதான் கதிரைத் திறக்க விட்டாள்.