சேவியர் மூன்று மைக்ரான்

போன மாதத்திலிருந்து என் மனைவி செண்பகத்தின் இன்ஹேலரில் சேவியர்தான் இருக்கிறான். மருந்துத் தட்டுப்பாடு வந்தால் ஆளை அடைத்துக் கொடுப்பது வழக்கம்.

சேவியர் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். இன்ஹேலரை அமுக்கி, வரும் சாரலை லேசர் கதிரின் குறுக்கே விட்டு, துளிகளின் அளவை எடுப்போம். மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் ஒரு மைக்ரான். ஐந்துக்குக் கீழே இருந்தால் நுரையீரலுக்குப் போகும். பெரிய துளி வழியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சேவியர் மூன்று. அளந்து கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

செண்பகம் அவனைக் காலையில் இரண்டு முறை இழுத்தாள். மாலையில் இரண்டு முறை. இழுத்தபின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எதுக்குக் கண்ண மூடுறே?"

"மூச்சு நல்லா இறங்குதுங்க."

"நான் பக்கத்துல இருந்தா இறங்காதா?"

"நீங்க வெளியில இருக்கீங்களே."

மறுநாள் ஆய்வகத்தில் என்னை அளக்கச் சொன்னேன். வாசலிலிருந்து இயந்திரத்துக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. நிர்மலா மேடம் படிவத்தை நீட்டினார். திடமா, திரவமா என்று கேட்டிருந்தது. கணவன் என்று எழுதினேன்.

"அது ரெண்டுலயும் சேராது சார்."

"திரவம்னு போட்டுக்குங்க."

கதிர் என் குறுக்கே போனது.

"நாப்பத்திரெண்டு."

"கொஞ்சம் குறைச்சுப் போடுங்க மேடம். அஞ்சு போதும்."

"சேவியரை நெனச்சுக்கிட்டே நின்னீங்களா?"

"ஆமா."

"அதான் உப்பிப் போயிட்டீங்க. மூக்கு ஸ்பிரேக்குத்தான் ஆவீங்க."

சம்மதித்தேன். ஸ்பிரே புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

செண்பகத்துக்குச் சளி பிடிக்கவில்லை. இரண்டு வாரம் அலமாரியில் நின்றேன். பக்கத்துத் தட்டிலிருந்து சேவியர் தினமும் புறப்பட்டுப் போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மழையில் நனைந்து வந்து தும்மினாள். என்னை எடுத்து அடித்தாள். மூக்கின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு இன்ஹேலரை இழுத்தாள். கீழே சேவியர் போனான். அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, இங்கயே நின்னுட்டீங்க?"

"உள்ள எப்படி?"

"ஒரே ஒரு நாற்காலி. உங்க பேர் எழுதியிருக்கு. வேற யாரும் உக்காரக் கூடாதாம். ஒரு மாசமா நிக்கிறேன்."

அவன் குரலில் பொறாமை இருந்தது. எனக்கு அது கேட்ட உடனே தெரியும்.

நான் சுருங்க ஆரம்பித்தேன். முப்பது. பதினெட்டு. ஒன்பது.

ஆறு ஆனபோது செண்பகம் மூக்கைச் சிந்தினாள்.