குல்ஷனின் பின்னங்கால்

மாட்டாஸ்பத்திரி டாக்டர் எபநேசர், குல்ஷனின் வலது பின்னங்காலைத் தூக்கிக் குளம்பின் நடுவில் இருக்கும் முக்கோணச் சதையைக் கம்பியால் லேசாகக் கிளறினார். கறுப்பாக என்னமோ ஒழுகியது. சொந்தக் குதிரை என்றும் பாராமல் குதிரை வண்டிக்காரர் குத்புதீன் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு நாற்றம்.

"ஆணிக் காயம்னா சொன்னீய? ஆணி போன இடமெல்லாம் சுத்தமா இருக்கு. இது அழுகல். ஓயாம ஈரத்துல நின்னா வாரது. லாயத்துல தரை என்ன தரை?"

"கரிசல் மண்ணு சார்." சொல்லும்போதே குத்புதீனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

குதிரை வளர்ப்பில் கோவில்பட்டி ரயிலடிக்கே தாம்தான் வாத்தியார் என்று அவருக்கு நினைப்பு. கல் பாவிய லாயத்தில் நின்று குல்ஷனுக்குக் கால் நோகிறதே என்று கோடையில் கண்மாய்க் கரிசலை ஒரு வண்டி வாங்கி, பொடித்துப் பரப்பி, மேலே வைக்கோலும் போட்டு வைத்தார். பருத்தியும் கம்பும் விளைகிற மண், பட்டு மாதிரி இருக்கும், என் குதிரைக்கு மெத்தை என்று பார்க்கிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அந்த மண் ஒரு சொட்டு ஈரத்தையும் லேசில் விடாது என்பது இந்தச் சீமையில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மூத்திரமும் லத்தியும் அதில் ஊற, ஐப்பசி மழையும் கூரை வழியாக ஒழுக, குதிரை இரவெல்லாம் அந்தச் சகதியில்தான் நின்றிருக்கிறது.

"மொதல்ல அந்த மண்ணை அள்ளி வெளிய போடுங்க. லாடத்தைக் கழட்டி, அழுகினதைச் சீவி எடுக்கணும். தினம் கழுவித் தொடச்சு, காஞ்ச பொறவு மயில்துத்தப் பொடி வைக்கணும். குதிரைக் காலைச் சீவுத வளைஞ்ச கத்தி எங்கிட்ட இல்ல. லாடம் அடிக்கிற சின்னக்கருப்பன்கிட்டதான் இருக்கு. அவனைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

போன மாதம் குல்ஷன் நொண்ட ஆரம்பித்ததும், லாடம் அடித்த சின்னக்கருப்பனை ரயிலடி வண்டிப்பேட்டையில் வைத்து, "ஏலே, குதிரை சதையிலயாலே ஆணி அடிச்ச?" என்று கன்னத்தில் அறைந்தவர் குத்புதீன். அன்றிலிருந்து வண்டிக்காரர்கள் அவனிடம் லாடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். மாட்டு வண்டிகள்கூடக் கடம்பூருக்குப் போய்விட்டன.

வீட்டில் மனைவி தௌலத் பேகம் எல்லாவற்றையும் கேட்டாள். "பேட்டையில வச்சுத்தான அடிச்சீங்க, பேட்டையிலயே வச்சு சொல்லுங்க. இதுல யோசிக்க என்ன கெடக்கு?" என்றாள்.

யோசிக்க நிறையவே இருந்தது. நொண்டுகிற குல்ஷனைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, "டாக்டர் சீவச் சொன்னாரு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் என்ன என்று குத்புதீன் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வயதில் இப்படி ஒரு கணக்குப் போடுகிறோமே என்று அவருக்கே கூசியது.

சின்னக்கருப்பன் பேட்டை ஓரத்தில் தன் சாக்கை விரித்துச் சும்மா உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் பதறி எழுந்தான்.

"டாக்டர் சீவச் சொல்லுதாரு."

"எங்கிட்டயா பாய்? மறுபடியும் என்னை நம்பிக் குடுக்கீயளா?" அவன் கண் கலங்கிவிட்டது. "நானும் தூங்காம யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்குக் கடைசி ஆணி அடிக்கையில குதிரை லேசா அசைஞ்சது. எங்கையிலதான் தப்பு. கெடுத்துட்டேன் பாய்."

இதைக் குத்புதீன் எதிர்பார்க்கவில்லை. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தாம் அறைந்த அறையால், செய்யாத தப்பைச் செய்ததாகவே ஒருவன் நம்பிவிட்டானே என்பதைத் தாங்க முடியவில்லை.

வண்டிக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர் குல்ஷனின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சின்னக்கருப்பன் லாடத்தைக் கழற்றி அழுகலைப் பட்டை பட்டையாகச் சீவினான். நாற்றம் எழுந்தபோது, "ஆணிச் சீழுதான் நடு வரைக்கும் எறங்கிட்டு" என்று அதற்கும் அவனே காரணம் சொன்னான். பிறகு குளம்பைச் சொம்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, குதிரையின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கோ தாயி" என்றான்.

"ஆணி இல்லலே, சின்னக்கருப்பா." என்றார் குத்புதீன். "நீ ஒண்ணும் செய்யல."

சின்னக்கருப்பன் நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பினான். "ஒங்க பெரிய மனசுக்கு அப்படிச் சொல்லுதீய."

"ஆமா, வேற யாரு இப்படி மன்னிப்பா?" என்றான் வண்டிக்கார மாயகிருஷ்ணன். "பாய் பாய்தாம்டே." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கரிசல் என்று ஒரு வார்த்தை. என் லாயத்து மண் என்று இன்னொரு வார்த்தை. இரண்டும் நாக்கு வரைக்கும் வந்து நின்றன. சுற்றிலும் அத்தனை முகங்களும் அவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தன. குத்புதீன் யார் கண்ணையும் பார்க்காமல் குனிந்து, சொம்புத் தண்ணீரை எடுத்து, கழுவித் துடைத்து வைத்திருந்த அந்தக் குளம்பை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.