புல்லுக்குள் ஓடும் கார்

மெயின் சுவிட்சை மஹ்றூப் கீழே இழுத்தான்.

முன்னறை வீடியோ கேம் கடையில் இரண்டு ரீவிகளும் ஒன்றாக அணைந்தன. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது.

"கரண்ட் போயிட்டுது. எல்லாரும் வெளிக்கிடுங்க. காசு வேணாம்," என்று நடைவழியில் நின்றபடியே சத்தம் போட்டான்.

"கடைசி ரவுண்டு, மஹ்றூப் நானா. நான்தான் முதல்ல வந்துகொண்டிருந்தன்," என்று பிரதாபனின் குரல் கேட்டது. கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பார்சலைக்கூடப் பிரிக்காமல் விளையாட வந்துவிடுவான். சந்தியிலிருந்து ஆமி கடை கடையாகச் சோதித்துக்கொண்டு வருகிறது என்ற செய்தியை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கொண்டுவந்தவனும் அவன்தான்.

கதிரைகள் இழுபட்டன. செருப்புகள் தேய்ந்தன. மஹ்றூப் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தான்.

எல்லாரும் போய்விட்டார்கள். யாரை அனுப்புவதற்காகச் சுவிட்சை இறக்கினானோ, அந்த மனிதர் மட்டும் சுவரோரக் கதிரையில் அசையாமல் இருந்தார். மடியில் ஜோய்ஸ்டிக்.

"ஐயா, கரண்ட் வர நேரமாகும்."

"வரட்டும் தம்பி. எனக்கு அவசரமில்லை. கிளிநொச்சி பஸ் மூண்டு மணிக்குத்தானே."

மஹ்றூப்பின் சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். அவன் மனைவி ஜொஹறா.

"நான் சொன்னன்தானே," என்று காதோடு கிசுகிசுத்தாள். "எழும்ப மாட்டான். அவனுக்கு இஞ்ச வேற வேலை இருக்கு."

வவுனியாவில், இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில், இந்தச் சந்தேகம் சாதாரணமானது. போர்நிறுத்த ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. வடக்கே போகும் பாதை திறந்திருந்தது. ஆனாலும் முன்பின் தெரியாத ஓர் ஆள் ஒரு கடையில் சும்மா இருந்தால், அவன் எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான் எல்லாருக்கும் வரும் முதல் கேள்வி. நாலு கடை தள்ளி ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. அங்கேயும் ஒருவன் தினம் வந்து பேப்பர் படித்தான். ஒரு நாள் அந்தக் கடை வாசலில் ஓர் ஆளைச் சுட்டார்கள். பேப்பர் படித்தவன் பிறகு வரவில்லை. கடைக்காரனை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். கடை இன்னும் பூட்டியே கிடக்கிறது.

இந்த மனிதர் புதன்கிழமைகளில் வருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு துவாய். ஐம்பது ரூபாவை மேசையில் வைத்துவிட்டு, எப்போதும் அதே சுவரோரக் கதிரையில் இருந்து, கார் ஓட்டம் கேட்பார். மற்றவர்களைப்போல வெல்வதற்கு ஓட்டமாட்டார். முதல் வளைவிலேயே காரை றோட்டிலிருந்து இறக்கிப் புல்லுக்குள் விட்டுவிடுவார். மற்றக் கார்கள் நாலு சுற்று முடித்து வரும்வரைக்கும் இவருடைய கார் மரங்களுக்கு நடுவே ஆறுதலாக அலைந்துகொண்டிருக்கும்.

"ஐயா, றோட்டு அங்கால கிடக்கு. மாடு மேய்க்கவோ கொண்டுபோறியள்?" என்று பிரதாபன் நக்கலடிப்பான்.

"ஓம் தம்பி, நல்ல புல்லு," என்பார் அவர்.

இடையிடையே ரீவியை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார். யன்னலைப் பார்ப்பார். இதை முதலில் கண்டுபிடித்தவளும் ஜொஹறாதான்.

"ஒரு மணித்தியாலத்துக்கு அம்பது ரூபா. அந்தக் காசுக்கு வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போகலாம். இந்த வயசில ஒருத்தன் பொம்மைக் கார் ஓட்டக் காசு குடுக்கிறான் எண்டா, ஒண்டில் மூளை சரியில்லை, இல்லாட்டி அவன் விளையாட வரேல்லை."

"உன்ர பேச்சைக் கேட்டா நாங்க கடையைப் பூட்டவேண்டியதுதான். பிரதாபன் மட்டும் சின்னப் பிள்ளையா?"

"அவனுக்குக் கலியாணம் சரிவரேல்லை. பின்னேரத்தில போக ஒரு இடமில்லை. அவனே சொல்றான், தண்ணி அடிக்கிறதவிட இது மலிவாம். இந்தக் கிழவனுக்கு என்ன குறை?"

அதற்குமேல் ஜொஹறாவோடு வாதாட மஹ்றூப்புக்குத் துணிவில்லை. காரணம் இந்த வீடு.

முன்னறையில் கடை, பின்னால் குடித்தனம். முல்லைத்தீவிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு புலிகளால் கையில் ஒரு பையோடு விரட்டப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பன்னிரண்டு வருடம் கிடந்த குடும்பம். மூன்று வருட வாடகைக்குப் பிறகு வீட்டுக்காரர் முத்துலிங்கம் விற்கச் சம்மதித்திருந்தார். வீட்டு உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது, பிரதி எடுத்துத் தருகிறேன் என்றார். மஹ்றூப் மறுபேச்சுப் பேசவில்லை. முல்லைத்தீவில் விட்டுவந்த அவன் வாப்பாவின் வீட்டு உறுதியும் அப்படித்தான் போனது. உறுதி இல்லாதவனைச் சந்தேகிக்க அவனுக்கு மனம் வராது. ஜொஹறாவின் நகை முழுக்க அட்வான்சாகப் போய்விட்டது. மிச்சம் வங்கிக் கடன். வருகிற திங்கட்கிழமை பத்திரம் எழுதும் நொத்தாரிசுவின் முன்னால் கையெழுத்து.

இடையில் கடைக்கு ஒரு சீல் விழுந்தால் கடனும் இல்லை, வீடும் இல்லை.

அதனால்தான் இன்று நடந்த விஷயம் ஜொஹறாவை உலுக்கிவிட்டது. கை கழுவவேண்டும் என்று அந்த மனிதர் கேட்டார். கிணற்றடிக்குப் போகும் பின்கதவின் கொளுக்கி ஒரு பிசாசு. மேலே தூக்கி, கதவை உள்ளே இழுத்து, பிறகுதான் தள்ளவேண்டும். ஜொஹறாவுக்கே அது கைவர இரண்டு மாதம் பிடித்தது. இவர் ஒரே அசைவில் திறந்துகொண்டு போனார்.

"நாங்க இல்லாத நேரம் ஆரோ உள்ள வந்து பழகியிருக்கிறான்," என்றாள் இப்போது. "என்ர நெஞ்சு சொல்லுது."

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இரண்டு சிப்பாய்கள். ஒருவன் வெளியில் நின்றான். மற்றவன் இருட்டுக்குள் தலையை நீட்டி, சுவரோரக் கதிரையைப் பார்த்தான். மஹ்றூப் நடைவழியில் உறைந்து நின்றான். ஜொஹறா அவன் சட்டையை விடவில்லை.

சிப்பாய் ஏதோ கேட்டான். அந்த மனிதர் எழும்பவில்லை. அடையாள அட்டையை நீட்டினார். தாழ்ந்த குரலில், தங்குதடையில்லாத சிங்களத்தில் ஏதோ பதில் சொன்னார். சொற்கள் நடைவழிவரை வரவில்லை. சிப்பாயின் சிரிப்பு மட்டும் வந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அலுமாரிக்குள் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே பார்க்கவில்லை. போய்விட்டான்.

"கண்டீங்களா?" என்று ஜொஹறா மறுபடியும் கிசுகிசுத்தாள். "எங்கட ஆக்களெண்டா பேருக்கு ஒரு கேள்வி, ஊருக்கு ஒரு கேள்வி. இவன்ட்ட சிரிச்சுப்போட்டுப் போறான். அவங்கட ஆள்தான்."

மஹ்றூப் வாய் திறப்பதற்குள் அந்த மனிதர் எழும்பினார்.

"தம்பி, எதிர்க்கடையிலை ஃபேன் சுத்துது. உங்களுக்கு மட்டும்தான் கரண்ட் இல்லை. மெயின் விழுந்திருக்கும்," என்று சொல்லிக்கொண்டே நடைவழிக்குள் வந்தார். மெயின் சுவிட்ச் நடைவழியில், திரைச்சீலை தொங்கும் மூலையில், வெளியே தெரியாத ஓர் அலுமாரிப் பலகைக்குப் பின்னால் இருந்தது. வந்தவர் தேடவில்லை. மஹ்றூப்பின் தோளுக்கு மேலால் கையை விட்டார். டக்கென்று ஒரு சத்தம்.

ரீவிகள் எரிந்தன. மின்விசிறி சுழன்றது.

ஜொஹறா ஓடிப்போய் முன்கதவைச் சாத்தினாள். கதவுத் தடியைக் கொழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஆர் நீங்க?"

"செல்வநாயகம் எண்டு பேர், தங்கச்சி. கண்டாவளை."

"பேர் கேக்கேல்லை. எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லை. வயல் செய்யிறனான்."

"வயல் செய்யிற ஆள் ஆமிக்காரனோட சிங்களத்தில கதைச்சுச் சிரிக்கிறதோ?" என்று மஹ்றூப்பும் இப்போது சேர்ந்துகொண்டான்.

"முந்தி இஞ்சை றெயில் ஸ்ரேசனிலை பதினொரு வருசம் வேலை. சிங்களம் தெரியாமல் ரிக்கற் குடுக்கேலாது." அவர் கதவுத் தடியைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. "அந்தப் பொடியன் கேட்டது, கரண்ட் இல்லாத ரீவிக்கு முன்னாலை என்ன செய்யிறாய் அப்பு எண்டு. தோத்துக்கொண்டிருக்கிறன், விளக்குப் போட்டால் எல்லாருக்கும் தெரிஞ்சிடும் எண்டனான். சிரிச்சிட்டான்."

"எங்களுக்குச் சிரிப்பு வரேல்லை. என்னத்துக்கு வாறீங்க இஞ்ச?"

"விளையாட."

"பொய்," என்றாள் ஜொஹறா. "நீங்க விளையாடுறதை நான் பாக்கிறனான். றோட்டில ஓட்டுறதே இல்லை. ஒரு நாளும் வெண்டதில்லை. கண் முழுக்க எங்கட கூரையில. அம்பது ரூபாவை ஆர் இப்பிடி வீணாக்குவான்?"

செல்வநாயகம் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். ரீவியில் கார்கள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. ஜோய்ஸ்டிக்கை எடுத்தார். முதல் வளைவு. கார் புல்லுக்குள் இறங்கியது.

"தங்கச்சி, எங்கட காணியிலை அரைவாசிக்கு மேலை கயிறு கட்டியிருக்கு. மண்டையோடு கீறின சிவப்புப் பலகை. மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வருவினம் வருவினம் எண்டுதான் சொல்லினம். பஸ்ஸிலை வரேக்கை பாத்திருப்பியள், ஒண்டுக்குப் போகக்கூட ஒருத்தரும் றோட்டை விட்டு இறங்கமாட்டினம். என்ர மச்சான் மாட்டைத் திருப்ப எண்டு இறங்கினவன். வெடிச்சுக் கால் முழங்காலோடை போட்டுது. அண்டையிலிருந்து நான் நடக்கேக்கை காலைப் பாத்துத்தான் நடக்கிறது. வீட்டு முத்தத்திலையும்."

கார் ஒரு பற்றையைச் சரித்துக்கொண்டு போனது.

"இதிலை முதல் நாள் பிழையாத்தான் இறங்கினது. திருப்பத் தெரியேல்லை. நான் கண்ணை மூடிப்போட்டன். உண்மையாச் சொல்லுறன், இஞ்சை இந்தக் கதிரையிலை இருந்து கண்ணை மூடிப்போட்டன். திறந்து பாத்தால் கார் ஓடிக்கொண்டிருக்கு. புல்லு நசியுது. ஒண்டும் வெடிக்கேல்லை." அவர் மெல்லச் சிரித்தார். "அண்டைக்கு இரவு நான் குளிசை போடாமல் நித்திரை கொண்டனான். டொக்ரர் எழுதித் தாற குளிசையின்ரை விலை தெரியுமோ? அம்பது ரூபா வீணோ எண்டு கேட்டால், எனக்கு வீணில்லை. மனிசிக்குச் சொல்லேல்லை. சொன்னால் சிரிப்பா."

மஹ்றூப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். தெருவில் ஜீப் ஒன்று கிளம்பிப் போனது. சோதனை முடிந்துவிட்டது. கடை பிழைத்துவிட்டது.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்க. ஜொஹறா, போய்த் தேத்தண்ணி போடு."

ஜொஹறா நகரவில்லை. கதவுத் தடி இன்னும் கையில்தான் இருந்தது.

"பின்கதவு?" என்றாள்.

செல்வநாயகத்தின் கட்டைவிரல் நின்றது. ரீவியில் கார் ஒரு மரத்தில் முட்டி, அப்படியே நின்றது.

"அந்தக் கொளுக்கி எங்களுக்கே சரிவராது. நீங்க ஒரே இழுவையில திறந்தீங்க. மெயின் சுவிட்ச் இருக்கிற இடம் இஞ்ச வாற ஒருத்தருக்கும் தெரியாது. விளையாட வந்தனான் எண்டு சொல்றீங்க. சரி, நம்புறன். கார் புல்லில ஓடுமெண்டு முதல் நாள் வரக்குள்ள உங்களுக்குத் தெரியாதுதானே. முதல் நாள் என்னத்துக்கு வந்தீங்க?"

அவர் காரைப் பின்னுக்கு எடுத்து, மறுபடியும் புல்லுக்குள் திருப்பினார்.

"நீங்கள் இஞ்சை நல்லா இருக்கிறியள்," என்றார் கடைசியில். "வாடகைக்கு இருக்கிறியள் எண்டு சந்தியிலை சொல்லிச்சினம். இருக்கட்டும். உங்களை இஞ்சையிருந்து எழுப்பிற எண்ணம் எனக்கில்லை. வந்தன், பாத்தன். பிறகு இந்தக் காருக்காகத்தான் வாறனான். விடுங்கோ தங்கச்சி."

"வாடகை வாற திங்களோட முடியுது," என்றாள் ஜொஹறா. "நாங்க இந்த வீட்டை வாங்குறம். அட்வான்ஸ் குடுத்தாச்சு. திங்கட்கிழமை எழுத்து. அதுக்குள்ள எந்தக் கரைச்சலும் வரக்கூடாதெண்டுதான் கேக்கிறன்."

ஜோய்ஸ்டிக்கைச் செல்வநாயகம் மெதுவாகக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்த முகம் அது என்று சொல்லவே முடியாது.

"ஆரிட்டை வாங்குறியள்?"

"முத்துலிங்கம் ஐயாட்ட," என்றான் மஹ்றூப்.

"உறுதியைக் காட்டினவரோ?"

"இடம்பெயர்வில துலைஞ்சு போச்சாம். எங்கடயும் அப்பிடித்தானே ஐயா."

செல்வநாயகம் எழும்பி நின்றார். கூரையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜொஹறாவைப் பார்த்தார்.

"தொண்ணூறாம் ஆண்டு வெளிக்கிடேக்கை, கூட்டித் துடைச்சு வைக்கச் சொல்லி முத்துலிங்கத்திட்டைக் கதவுத் திறப்பைக் குடுத்திட்டுப் போனது நான்தான், தங்கச்சி. உறுதி கண்டாவளையிலை என்ர பெட்டிக்குள்ளை கிடக்கு. இந்த வீட்டை நான் இன்னும் ஒருத்தருக்கும் விக்கேல்லை."