முதலாளிக்கு ஏன் பசித்தது

என் எட்டுச் சுண்டெலிகளில் ஒன்றுக்கு முதலாளி என்று பெயர் வைத்தது என் தப்புதான். பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் பார்வை கெடும் என்று வக்கீலம்மா அப்போதே சொன்னார். வக்கீலம்மா எங்கள் ஆய்வகத்தின் தலைவி. எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வதால் வந்த பட்டம்.

வேலை இதுதான். நோய் தராதபடி மாற்றிய வைரஸில் ஒரு மரபணுவை ஏற்றி, எலியின் மூளையில் பசியைக் கிளப்பும் செல்களுக்கு ஊசி வழியே அனுப்புவோம். சரியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தச் செல்கள் நீல ஒளிக்கு விழித்துக்கொள்ளும். தலையில் பொருத்திய கண்ணாடி இழை வழியே ஒளி விட்டால், மூக்கு முட்டத் தின்ற எலியும் மறுபடி தீனிக்கு ஓடும். எட்டில் நான்குக்குத்தான் அந்த மரபணு. மற்றவற்றுக்கு அது இல்லாத வெறும் வைரஸ். எதற்கு எது என்ற பட்டியல் வக்கீலம்மாவிடம் இருந்தது. தெரிந்தால் என் கண்ணே என்னை ஏமாற்றுமாம்.

விளக்கைப் போட்டதும் முதலாளி பாய்ந்து வந்து தின்பான். இரண்டு வருட உழைப்பில் நான் மலைபோல நம்பியது அவனைத்தான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பலன் காட்டாவிட்டால் என் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள். புதன்கிழமை பட்டியலைப் பிரித்தோம். முதலாளிக்குப் போனது வெறும் வைரஸ்.

இழை சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதி அவனைக் கழித்துவிட்டால், மீதி ஏழும் பட்டியலோடு கச்சிதமாக ஒத்துப்போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆய்வகக் குறிப்பேட்டில் அப்படியே எழுதியும்விட்டேன்.

சாயங்காலம் அக்காவிடம் வீடியோவைக் காட்டிப் புலம்பினேன். அக்கா அழகு நிலையம் நடத்துகிறாள். மூளையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்ற இளக்காரம் எனக்கு எப்போதும் உண்டு.

"கூண்டுச் சுவரெல்லாம் நீலமா அடிக்குதேடி. அது எலிக்குக் கண்ணுல படாதா?"

சில எலிகளுக்கு, தலையில் இழை பொருந்தும் மூட்டில் ஒளி கசிந்திருக்கிறது. போதாததற்கு, விளக்கைப் போட்ட கையோடு தீனி உருண்டையையும் போட்டுப் பழக்கியவள் நான். நீலம் தெரிந்தால் தீனி வரும் என்று பயல் கண்டுபிடித்துவிட்டான்.

அக்கா கறுப்பு நகப்பூச்சு தந்தாள். வியாழன் காலை எல்லா மூட்டுகளுக்கும் இரண்டு பூச்சு பூசி, உருண்டையை முன்கூட்டியே வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். முதலாளி அசையவில்லை. மரபணு பெற்ற முதல் எலியும் அசையவில்லை. இரண்டாவது தூங்கியது. மூன்றாவது மீசையைத் துடைத்துக்கொண்டது. என் பிழைப்பில் மண் விழுந்தது என்றே நினைத்தேன்.

நான்காவது, மூலையே கதியென்று கிடக்கும் சோம்பேறி. வெளியே ஒரு பொட்டு நீலம் தெரியவில்லை. ஆனால் எழுந்து போய் உருண்டையைக் கடித்தது. விளக்கை அணைத்தேன், விட்டது. போட்டேன், கடித்தது. பத்து முறையும் அப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரியையும் மறைக்கவில்லை.

"நாலுல ஒண்ணுதானா?" என்றார் வக்கீலம்மா.

"ஒண்ணுதான் மேடம். மத்த மூணுக்கும் ஊசி இடம் தப்பிப் போயிருக்கணும். அதுங்களும் இத்தன நாளா கசிஞ்ச வெளிச்சத்தப் பாத்துதான் ஓடியிருக்கு."

"அந்த வரிய அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. அழிச்சிடறேன்."

"அழிக்காதே."

குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். என் பொய்யின் மேல் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வைத்து என்னிடம் தள்ளினார்.

"புதுசா பன்னெண்டு எலி எடுத்துக்க," என்றார்.