பட்டாளத்தார் ஓட்டிய டாங்கி

எங்கள் ஊருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. ஆனால் ஆமத்தூரிலிருந்து திருத்தங்கல் போகிற பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் கண்டக்டர் முழிப்பார். "டாங்கி ஸ்டாப்" என்றால்தான் டிக்கெட் கிழிப்பார். நான் இந்த ஊர் ஊராட்சித் தலைவி மாரிச்செல்வி. ரோட்டோரம் ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்த பிறகும் இதுதான் நிலைமை என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

சண்டையில் ஓடுமே, பீரங்கி வைத்த இரும்பு டாங்கி, அதுதான் எங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருவதற்கு ரொம்ப முன்னால், தெற்கே ஏதோ ஒரு ஊர் முச்சந்தியில் காட்சிக்கு வைக்க அதை லாரியில் கொண்டுபோனார்களாம். எங்கள் ஊரில் லாரியின் அச்சு முறிந்துவிட்டது. டாங்கியை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று போனவர்கள் இன்னும் வரவில்லை. ராணுவத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, அப்படி ஒரு டாங்கி தங்கள் கணக்கிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை பெரிய சாமானை எப்படித்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களோ, அந்த மகராசன்கள்.

அது நிற்கிற இடம்தான் எனக்குத் தலைவலி. பட்டாசு கம்பெனியை நாங்கள் வெடி ஆபீஸ் என்போம். வெளியூர் வெடி ஆபீஸ் வேனுக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு அந்த டாங்கியின் நிழல்தான் நிழல். மழை வந்தால் அதுவும் உதவாது. தேர்தலில் நின்றபோது அங்கே நிழற்குடை கட்டித் தருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தேன். டாங்கி போனால்தான் இடம் கிடைக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டால்தான் கையில் காசும் வரும்.

குறுக்கே நின்றவர் பட்டாளத்தார். சாலமன்ராஜ் என்று பெயர். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் இதே டாங்கியைத்தான் ஓட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "இதேதானா?" என்று யாராவது கேட்டால், "பெத்த பிள்ளைய அடையாளம் தெரியாதா?" என்பார். சுதந்திர தினத்துக்கு அதன்மேல் ஏறி நின்றுதான் கொடியேற்றுவார். பீரங்கிக் குழாயில் யாராவது சேலை காயப்போட்டால் அன்றைக்குச் சாயங்காலம்வரை அவர் வாய் ஓயாது. அவர் பேசுகிறபோதெல்லாம் அவர் மனைவி ஞானஜோதி ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார்.

மே தினக் கிராமசபையில் டாங்கியை விற்பது என்று தீர்மானம் போட்டோம். "இது இரும்பில்ல தாயி, சரித்திரம்!" என்று பட்டாளத்தார் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அடுத்த வாரமே விருதுநகரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி பலவேசம் கேஸ் கட்டரோடு வந்து இறங்கினார். டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, நாக்கில் எச்சில் ஊற நெருப்பைப் பற்றவைத்தார்.

அப்போதுதான் அதே ரோட்டில் இருக்கிற எங்கள் ஊர் வெடி ஆபீஸின் போர்மேன் ராம்குமார் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"அணைங்கய்யா! அங்கன மருந்து கலந்துக்கிட்டு இருக்காக, இங்கன தீய வச்சு வெளையாடுறீக! ஊரு இருக்கணுமா வேண்டாமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த ரோட்டில் பீடிகூடப் பற்றவைக்க மாட்டார்கள். பொங்கப்பானையை ஊரின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வைக்கிற ஊர் எங்களுடையது. தலைவியாகிய நானே அதை மறந்து நிற்கிறேன். வந்த கோபத்தையெல்லாம் பலவேசத்தின்மேல் காட்டினேன். "உமக்கு அறிவு வேண்டாமாய்யா?" என்றேன். அவர், "இம்புட்டு இரும்ப ஒரே எடத்துல பாத்த சந்தோசத்துல மறந்துட்டேன் தலைவரம்மா" என்று உண்மையைச் சொன்னார்.

சீசன் முடிந்து, தீபாவளிக்குப் பிறகு கம்பெனிக்கு நீள லீவு விடுவார்கள். அதுவரை அந்த ரோட்டில் தீ கூடாது என்று ராம்குமார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாங்கிக்கு ஆயுசு நீண்டது.

கிடைத்த இடைவெளியில் பட்டாளத்தார் சும்மா இருப்பாரா? மதுரையில் ஒரு கல்லூரிக்குச் சொல்லியனுப்பி, பியூலா என்கிற சரித்திரப் பேராசிரியையை வரவழைத்துவிட்டார். அந்தம்மா டாங்கியைச் சுற்றி வந்து, கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டியது என்றார். சுற்றிலும் வேலி போடவேண்டும், யாரும் ஏறக்கூடாது, சாயக்கூடாது, போஸ்டர் ஒட்டக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். டாங்கியின் முதுகில் வத்தல் காயப்போட்டிருந்த மூக்கம்மாள், "நிழலாவது விழலாமாம்மா, இல்ல அதையும் உள்ள வச்சுப் பூட்டிருவீகளா?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு, பிரசிடெண்ட் மேடம்" என்றார் பியூலா. "மூடியைத் திறக்கணும். சார் உள்ளே இறங்கி, ஓட்டுநர் சீட்டுல உட்கார்ந்து, எதை இழுத்தா என்ன ஆகும்னு சொல்லணும். அதை நான் வீடியோ எடுத்துக் காட்டினா பராமரிப்பைக் கல்லூரியே ஏத்துக்கும். அது இல்லாட்டி இது வெறும் இரும்புதான், நீங்க தாராளமா வெட்டிக்கலாம்."

மூடியோ துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. கேஸ் வைத்தால்தான் திறக்கும். ஆகவே அதற்கும் தீபாவளி லீவுதான் வழி. பட்டாளத்தார் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"டாங்கிய வெட்டிருங்க தாயி. மூடியத் திறக்காம அப்படியே வெட்டிருங்க."

சீப்பை எறிந்தேன். "என்ன வெளையாடுறீகளா பட்டாளத்தையா? ஊரக் கூட்டி ஒப்பாரி வச்சீக, மதுரையில இருந்து ஆளக் கொண்டாந்தீக. இப்ப வெட்டுங்கிறீக!"

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "நான் டாங்கி ஓட்டல தாயி."

"இந்த டாங்கிய ஓட்டலயா?"

"எந்த டாங்கியவும் ஓட்டல."

"பின்ன பட்டாளத்துல என்னதான் செஞ்சீக?"

"சப்பாத்தி சுட்டேன்."

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"பொண்ணு பாக்கப் போனப்ப ஞானஜோதியோட அப்பாரு, பட்டாளத்துல என்ன வேலைன்னு கேட்டாரு. டாங்கிப் பிரிவுன்னேன். அது நெசம்தான், அந்தப் பிரிவுக்குத்தான் நான் சமையக்காரன். டாங்கி ஓட்டுவீகளான்னாரு. 'ம்'னுட்டேன். அந்த ஒரு 'ம்'ம இன்னைக்கு வரைக்கும் எறக்கி வைக்க முடியல. அப்புறம் பாத்தா, சனியன் டாங்கியே ஊருக்கு வந்து நிக்குது. நான் என்ன செய்ய? ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது தாயி. அவ சிரிச்சா என்னால தாங்க முடியாது."

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அந்த வருடம் தீபாவளி வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஊரில் அவராகத்தான் இருக்கும். தினமும் வெடி ஆபீஸ் கேட்டில் போய் நிற்பார். "ஆர்டர் எப்படி இருக்கு போர்மேன்? தீபாவளிக்குப் பின்னாலயும் லோடு போகும்ல? லீவ கொஞ்சம் தள்ளிப் போடலாம்ல?" என்று கேட்பார். கம்பெனிமேல் இவ்வளவு அக்கறையா என்று ராம்குமார் புல்லரித்துப்போனார். நானும் பியூலாவிடம் வீடியோ இல்லாமல் முடித்துக்கொள்ளலாமே என்று இழுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. திறக்காமலே வெட்டினாலும் ஏன் என்று ஊர் அவரைத்தான் கேட்கும். நிழற்குடை எனக்கு வேண்டும்தான். ஆனால் அந்த மனிதரை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்திக் கிடைக்கிற நிழலில் ஒதுங்க எனக்கு மனசில்லை.

தீபாவளி வந்தது, போனது. கம்பெனி பூட்டியது. குறித்த நாளில் ஊரே டாங்கியைச் சுற்றிக் கூடிவிட்டது. பலவேசம் மூடியின் கீலை மட்டும் அறுத்தார். நாலு பேர் சேர்ந்து நெம்ப, மூடி திறந்தது. பியூலா கேமராவைத் தூக்கிக்கொண்டு, "சார், இறங்குங்க" என்றார்.

பட்டாளத்தார் டாங்கியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன பொய் சொல்லி இவரை மீட்பது என்று நான் யோசிப்பதற்குள் மூக்கம்மாள் முந்திக்கொண்டாள்.

"அவரு எறங்கக் கூடாதும்மா. முட்டி தேஞ்சு போச்சு."

"முட்டியில்ல, முதுகு" என்றார் ராம்குமார்.

என் வீட்டுக்காரர் அய்யப்பன் முன்னால் வந்தார். அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. "டாங்கி ஓட்டுறது ராணுவ ரகசியம். வெளிய சொன்னா பட்டாளத்தையாவப் பிடிச்சு உள்ள போட்டுருவாக."

"வேளாங்கண்ணிக்கு நேந்திருக்காரு, டாங்கிய இனிமே தொடமாட்டேன்னு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவரு சர்ச்சுல வேளாங்கண்ணிக்கு நேர மாட்டாகலே!" என்று இன்னொரு குரல் அதட்டியது.

"பிரஷர் இருக்கு. குறுகுன எடத்துக்குள்ள போகக் கூடாது. நர்ஸு நான் சொல்லுதேன்" என்றார் ஞானஜோதி.

நான் ஒருத்தி மட்டும் வயிற்றில் வைத்துக் காத்த ரகசியம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பட்டாளத்தாருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் மனைவியிடம் நின்றார். பிறகு கேமராவைப் பார்த்து, "நான் டாங்கி ஓட்டல. சமையக்காரன்" என்றார்.

ஊருக்கு வந்ததே கோபம்!

"இம்புட்டு வருசமா நாங்க கட்டிக் காத்தத இப்படிப் போட்டு ஒடைச்சிட்டீகளே!" என்று மூக்கம்மாள் கையை உதறினாள். அய்யப்பனை நான் பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருல எந்தக் கல்யாணம்னாலும் பட்டாளத்தையாதான் அண்டா முன்னால நிக்காரு. ஐந்நூறு பேருக்குக் கையளவுலயே உப்புப் போடுதாரு. அவரு டாங்கி ஓட்டுனாருன்னா எவன் நம்புவான்?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நம்புறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல."

அதற்கு அவரை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பட்டாளத்தார் மனைவியின் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே. எங்க வீட்டுப் பூரியத் திருப்பிப் பாத்துட்டு, மாவு இன்னும் செத்த நேரம் ஊறியிருக்கணும்னு சொன்னீகளே."

"கேட்டிருக்கலாம்ல."

"'ம்'னு சொல்லயில ஒங்க மூஞ்சி அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு. எப்படிக் கேக்க?"

ஞானஜோதி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பியூலா கேமராவை இறக்கவே இல்லை. "அப்ப டாங்கி பக்கமே போனதில்லையா சார்?"

"போகாம? சோறு யாரு குடுப்பா?" என்றார் பட்டாளத்தார். "விடியுமுன்னால சப்பாத்தியத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போவேன். கரண்டியால டாங்கிய மூணு தட்டுத் தட்டணும். மூடி திறக்கும், ஒரு கை மட்டும் வெளிய வரும். வாங்கிட்டு மூடிக்கும். மூஞ்சியப் பாத்ததில்ல. கைய வச்சுத்தான் ஆளத் தெரியும். ஒருத்தன் விரல்ல மோதிரம் போட்டிருப்பான். ஒரு நாள் அந்த டாங்கியத் தட்டித் தட்டிப் பாத்தேன். திறக்கல." திறந்து கிடந்த மூடியைப் பார்த்தார். "உள்ள எப்படி இருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் நான் பாத்ததில்ல."

பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தலைவரம்மா, அப்ப வெட்டவா வேண்டாமா?" என்றார்.

"கேஸ மூடும்யா!" என்றேன். "வேலியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். டாங்கிக்கு மேல நாலு கால் ஊனித் தகரம் போட்டா அதுவும் நனையாது, எங்க பொம்பளைகளும் நனைய மாட்டாக. லீவு முடியுறதுக்குள்ள நீரே வெல்டிங் வச்சுக் குடுத்துட்டுப் போம்."

பேராசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூரை நல்ல யோசனைதான், இந்த வீடியோவைக் காட்டிச் செலவைக் கல்லூரியிடம் கேட்கிறேன் என்றார்.

இதற்குள் பட்டாளத்தார் செருப்பைக் கழற்றிவிட்டு டாங்கிமேல் ஏறிவிட்டார். தேய்ந்துபோனதாகச் சொன்ன முட்டியை மடக்கி, மெல்ல மூடிக்குள் இறங்கினார். தலை மறைந்தது. உள்ளே பீரங்கிக் குழாய் வழியாகப் பிள்ளைகள் தொலைத்த பந்துகளும் திணித்த பழைய தேர்தல் நோட்டீஸும்தான் கிடந்தன என்று பிறகு சொன்னார். அப்போது சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூக்கம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

ஞானஜோதி தான் கொண்டுவந்திருந்த கூடையிலிருந்து டம்ளரை எடுத்துத் தூக்குவாளியில் இருந்த டீயை ஊற்றினார். பிறகு தூக்குவாளி மூடியால் டாங்கியை ஓங்கித் தட்டினார். இரும்புச் சத்தம் கேட்டுப் பழக்கதோஷத்தில் ராம்குமார் துள்ளி விழுந்தார். மறுபடியும் தட்டினார். மறுபடியும்.

உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. ஞானஜோதி அதில் டம்ளரை வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.